அமுக்கிடாதீங்க

"பாப்பா, இன்னிக்கி என்ன தேதி?"

எழுபத்தாறு வயது அப்பா காலை ஏழு மணிக்குப் போன் போட்டு இப்படிக் கேட்டால் எந்த மகளுக்கும் அடிவயிறு கலங்கும். "ஜனவரி பத்துப்பா. ஏம்ப்பா, என்ன செய்யுது?" என்றேன்.

"எனக்குத் தெரியாதா ஜனவரி பத்துன்னு? காலண்டர் எதிர்லதான் தொங்குது. இந்த சிஸ்டம்தான் 2003 ஜனவரி ஒண்ணுங்குது. ஒரு பக்கமும் திறக்க மாட்டேங்குது."

ஞாபகமறதி அப்பாவுக்கு இல்லை, கம்ப்யூட்டருக்கு. ஆறிக்கொண்டிருந்த காபியைத் திரும்பக் கையில் எடுத்தேன். அந்தக் கம்ப்யூட்டரை நாங்கள் வாங்கியதே 2004 ஜூனில்தான். தான் வீட்டுக்கு வருவதற்கு ஒன்றரை வருஷம் முந்தைய தேதியில் போய் அது உட்கார்ந்திருந்தது. வயதானால் எல்லாருக்கும் வருகிற ஆசைதானே.

அது எங்கள் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் விஞ்ஞான வளர்ச்சி அல்ல, பிரௌசிங் சென்டரின் திரைச்சீலை. மாயவரத்தில் மணிக்கூண்டுப் பக்கம் ஒரு மாடியில் சென்டர் இருந்தது. பிளைவுட் தடுப்புகள், தடுப்புக்கு ஒரு திரை, மணிக்கு 25 ரூபாய். கல்லூரி ரிசல்ட் பார்க்க ஒருநாள் அப்பாவும் கூடவே வந்தார். திரையைப் பார்த்தார், தடுப்புக்குள் குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். ரிசல்ட்டைப் பார்க்கவில்லை. மறுவாரமே தபால் சேமிப்புப் பத்திரம் ஒன்றை உடைத்து 28,000 ரூபாய் எடுத்துவிட்டார்.

பென்டியம் 4, 256 எம்.பி. ராம், 40 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், முதுகில் மூட்டை சுமந்த பதினைந்து இன்ச் மானிட்டர். சந்தனம் குங்குமம் வைத்தோம். சி.பி.யு.வுக்குக் கதம்பம் சாத்தினோம். அம்மா பழைய புடவையைக் கிழித்து மூன்று உறை தைத்துக் கொடுத்தாள். அதற்குமேல் அவளுக்கு அனுமதி கிடையாது. "நீ கை வைக்காதே, ஏதாவது அழிஞ்சு போயிடும்" என்று அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார். அம்மா அதற்கப்புறம் தூசி தட்டுவதற்குக்கூட எங்களைக் கேட்டுவிட்டுத்தான் தட்டினாள்.

அசெம்பிள் செய்து தந்த அண்ணன் விண்டோஸ் எக்ஸ்.பி.யைப் போட்டார். 2001 அக்டோபரில் உலகத்துக்கு அது அட்டைப்பெட்டியில் வந்தது. எங்கள் தெருவுக்கு வெள்ளை சி.டி.யில், கறுப்பு மார்க்கரில் பெயர் எழுதி வந்தது. வேலை முடிந்து, வடை காபி முடிந்து, வாசலில் செருப்பை மாட்டும்போது அண்ணன் ஒரு உபதேசம் செய்தார். "கீழ் ஓரத்துல அப்டேட்னு ஒண்ணு அப்பப்ப எட்டிப் பார்க்கும் சார். அதை மட்டும் அமுக்கிடாதீங்க. எல்லாம் போயிடும்."

அப்பா அதைத் தாரக மந்திரமாக எடுத்துக்கொண்டார். டைப்ரைட்டிங்கில் தமிழ் லோயர் பாஸ் செய்தவர் என்பதால் பாமினி எழுத்துரு மறுநாளே அவர் விரலுக்குப் பிடிபட்டுவிட்டது. செகண்ட் ஹேண்டில் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வந்ததும் அவர் அடித்த முதல் தாள்: 'அப்டேட் அமுக்கக் கூடாது.' செலோ டேப் போட்டு மானிட்டர் பக்கவாட்டில் ஒட்டினார். இருபது வருஷத்தில் டேப்பை மூன்று முறை மாற்றினாரே தவிர, தாளை மாற்றவில்லை.

ஏன் அமுக்கக் கூடாது என்பது எனக்கு 2006இல்தான் புரிந்தது. எதிர்வீட்டில் யாரோ அமுக்கிவிட்டார்கள். விண்டோஸ் தன் அசலைத் தானே சோதித்துப் பார்த்து, நீங்கள் போலி மென்பொருளால் ஏமாற்றப்பட்டவராக இருக்கலாம் என்று ஓரத்தில் ஒரு நட்சத்திரத்தோடு அறிவித்தது. ஏமாற்றியது யார், ஏமாந்தது யார் என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவர்கள் வீட்டில் ஒருவாரம் துக்கம் விசாரிக்கிற மாதிரி ஆள் வந்துகொண்டிருந்தது.

ஆக, அப்டேட் என்பது பாதுகாப்பு என்று கம்பெனி சொன்னது. அப்டேட் செய்யாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று மாயவரம் சொன்னது. நாங்கள் மாயவரத்தை நம்பினோம். அதற்கான கூலி, நெட் கனெக்‌ஷன் வாங்கிய இரண்டாம் நாளே கிடைத்தது. மோடம் கீச்சென்று கத்தி, இரைந்து, ஒருவழியாக ஓய்ந்து லைன் கிடைத்த சில நிமிஷத்தில் திரை நடுவே ஒரு பெட்டி: இன்னும் 60 விநாடியில் கம்ப்யூட்டர் நின்றுவிடும். 59, 58, 57. அப்பா எழுந்து நின்றுவிட்டார். அம்மா சமையலறையிலிருந்து, "சுவிட்சை அணைச்சிடுங்களேன்" என்றாள். சாஸர் என்கிற புழுவின் வேலை அது. அந்தப் புழு 2004 ஏப்ரல் கடைசியில் கிளம்பியது. அதற்கு மருந்து அதே ஏப்ரல் 13ஆம் தேதியே அப்டேட்டாக வந்துவிட்டது. அதற்கு முந்தைய வருஷம் இதே 60 விநாடிக் கூத்தை நடத்திய பிளாஸ்டர் கதையும் இதேதான்: மருந்து ஜூலையில், நோய் ஆகஸ்டில். இரண்டு முறையும் மருந்துச் சீட்டு நோய்க்கு முன்பே வந்திருக்கிறது. எங்கள் வீட்டில்தான் மருந்துக்குத் தடை.

தடையில்லை என்றாலும் எடுத்திருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2 சுமார் 270 எம்.பி. எங்கள் டயலப்பில் விநாடிக்கு நாலரை கே.பி. வந்தால் அன்று யோகமான நாள். கணக்குப் போட்டால் பதினேழு மணிநேரம். நடுவில் யாரும் போன் செய்யாமல், மழை பெய்யாமல், கரண்ட் போகாமல். போன் பில்லை நினைத்தால் பதினெட்டாவது மணிநேரம் அப்பாவுக்கு நெஞ்சு வலித்திருக்கும். கடைசியில் அண்ணன் வந்து ஃபார்மட் செய்து 'எஸ்.பி.2' என்று மார்க்கரில் எழுதிய இன்னொரு சி.டி.யைப் போட்டு 150 ரூபாய் வாங்கிப் போனார். போகும்போது உபதேசத்தை மறக்கவில்லை.

அப்போதெல்லாம் பிரௌசர் என்று தனியாக ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. நீல நிற 'இ'தான் இன்டர்நெட். இணையதளங்களின் அடியில், 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பார்க்க உகந்தது' என்று, ஹோட்டல் பலகையில் 'கைகழுவும் இடம்' என்று போடுகிற மாதிரி போட்டிருப்பார்கள். தமிழ்ப் பத்திரிகைத் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. ஒன்றின் எழுத்துருவில் இன்னொன்றைத் திறந்தால் ஐரோப்பியக் குறிகள் கொட்டும். 2007இல் கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சி.டி.யில் ஃபயர்பாக்ஸ் 2 இருந்தது. ஆசையாகப் போட்டேன். யூனிகோட் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால், பத்தியை இரு ஓரமும் சமமாக இழுத்துக் கட்டியிருந்த இடத்திலெல்லாம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளி நடுத்தெருவில். "என்னம்மா, பேன்சி டிரஸ் போட்டியா?" என்றார் அப்பா. மறுவருஷம் ஃபயர்பாக்ஸ் 3 வந்து எழுத்துகளை ஒட்டவைத்தது. 2008 ஜூன் 17ஆம் தேதி வெளியாகி ஒரே நாளில் 80 லட்சம் பேருக்கு மேல் அதை இறக்கி கின்னஸ் சாதனை ஆக்கினார்கள். அதில் நாங்கள் இல்லை. எங்களுடையது இரண்டு மாதம் கழித்து, பத்திரிகையின் நடுப்பக்கத்தில் ஒட்டி, தபாலில் வந்தது. நான் கல்யாணமாகி சென்னைக்குப் போகும்வரை வீட்டில் நடந்த கடைசி அப்டேட் அதுதான். மந்திரத்தை மீறவுமில்லை, ஏனென்றால் 'அப்டேட்' என்று எதையும் நாங்கள் அமுக்கவில்லை, 'செட்டப்'தான் அமுக்கினோம்.

அதற்குப் பிறகு உலகம் அந்தக் கம்ப்யூட்டரை ஒவ்வொரு பக்கமாகக் கைவிட்டுக்கொண்டே வந்தது. 2014 ஏப்ரல் 8ஆம் தேதி எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் முழுக்குப் போட்டது. 2016இல் குரோம் போனது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்கிற பிணைக்கைதி வைரஸ் உலகத்தையே ஆட்டியபோது, மூன்று வருஷம் முன்பு முழுக்குப் போட்ட எக்ஸ்.பி.க்கே மனமிரங்கி ஒரு அவசர மருந்து கொடுத்தார்கள். எங்கள் கம்ப்யூட்டருக்கு அந்த நோயும் தெரியாது, மருந்தும் தெரியாது. 2012லேயே அப்பா லேண்ட்லைனைச் சரண்டர் செய்துவிட்டார். வெளியுலகத் தொடர்பே இல்லாமல் அது தெருப் பிள்ளையார் கோயில் வரவுசெலவை பாமினியில் அடித்துக்கொண்டிருந்தது. யோசித்துப் பார்த்தால் அந்தப் பன்னிரண்டு வருஷம்தான் அது மிகவும் பத்திரமாக இருந்த காலம்.

கெடுத்தது கேபிள்காரர். போன தீபாவளிக்கு ஃபைபர் இழுத்துக் கொடுத்துவிட்டு, "சிஸ்டத்துக்கும் ஒரு ஒயர் குத்திடலாமா சார்?" என்று கேட்டிருக்கிறார். அப்பா குத்தச் சொல்லிவிட்டார். எதற்கு என்று கேட்டேன். "கரண்ட் பில் கட்டத்தான். போன்ல பணம் கட்றது எனக்குப் பயம்மா. சிஸ்டம்னா பத்திரம்."

போகிப் பண்டிகைக்குப் போய் இறங்கினேன். ஊரே பழசைத் தூக்கி வாசலில் போட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் பழசுக்கு வைத்தியம் பார்க்க ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தேன். "புதுசு வாங்கித் தரேன்ப்பா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். இருபது வருஷக் கோயில் கணக்கு பாமினியில் இருக்கிறது. அவர் 'அம்மா' என்று அடித்தது பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று நிற்கும். பிரிண்டரின் பட்டை ஒயர் நுழைகிற ஓட்டை இப்போதைய கம்ப்யூட்டர்களில் இல்லை. ஆகவே பேச்சை விட்டேன்.

தேதி சுலபம். மதர்போர்டில் எட்டணா அளவில் ஒரு செல் இருக்கும், சி.ஆர்.2032. வாட்ச் கடையில் வாங்கி மாற்றினேன். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். 2003இல் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அந்தச் சான்றிதழ் எதுவும் இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காத பிள்ளையின் கையெழுத்தை யார் ஏற்பார்கள்?

தேதி சரியானதும் அடுத்த வம்பு. ஃபயர்பாக்ஸ் 3இல் எதைத் திறந்தாலும், உனக்கும் எனக்கும் பொதுவான ரகசிய மொழி இல்லை என்கிற அர்த்தத்தில் ஒரு ஆங்கில வரி. வாசலிலேயே இரண்டு பக்கமும் எந்த ரகசிய மொழியில் பேசுவது என்று ஒத்துக்கொண்டால்தான் உள்ளே விடுவார்கள். இன்றைக்குக் குறைந்தபட்சம் டி.எல்.எஸ். 1.2 தெரிந்திருக்க வேண்டும். அந்த விதி எழுதப்பட்டது 2008 ஆகஸ்டில். எங்கள் பிரௌசர் பிறந்தது அதே வருஷம் ஜூனில். பழைய 1.0, 1.1 மொழிகளை 2020 வாக்கில் பெரிய பிரௌசர்கள் எல்லாமே விட்டுவிட்டன. நீல 'இ'யும் அதே கதி. தென்கொரியாவின் கியோங்ஜூ ஊரில் ஒரு எஞ்சினியர் 2022இல் அந்த 'இ'க்குக் கல்லறையே கட்டினார். வேறு பிரௌசர்களை இறக்குவதற்கு நல்ல கருவியாக இருந்தது என்று கல்லில் வெட்டி வைத்தார். எங்கள் வீட்டு 'இ' அந்தப் பெருமையையும் இழந்துவிட்டது. புதிய பிரௌசர் கிடைக்கிற பக்கத்தைத் திறப்பதற்கே புதிய பிரௌசர் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும்.

"ஒண்ணே ஒண்ணு திறந்துச்சும்மா" என்றார் அப்பா, கொஞ்சம் பெருமையாக. "உங்க பிரௌசர் பழசாயிடுச்சுன்னு அவங்களே சொன்னாங்க. பச்சையா பெரிய பட்டன். இறக்கி வெச்சிருக்கேன். அமுக்கலை."

எனக்கு உள்ளங்கை வேர்த்தது. இதுதான் பழைய பிரௌசரின் உண்மையான ஆபத்து. யோக்கியமான தளங்கள் எல்லாம் கதவைச் சாத்திவிட்டன. பூட்டே இல்லாத பக்கங்கள்தான் அதற்குத் திறக்கும், அவற்றில் யார் என்ன வைத்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கில்லை. அப்பா இறக்கிய கோப்பு இரண்டு எம்.பி.கூட இல்லை. அளவு சின்னதாக இருப்பது குற்றமில்லை, அசல்காரர்களும் சின்ன இன்ஸ்டாலர் தருவதுண்டு. வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால், கம்பெனி போட்ட டிஜிட்டல் கையெழுத்து என்று ஒரு பக்கம் இருக்க வேண்டும். அந்தப் பக்கமே இல்லை. மொட்டைக் கடுதாசி. வாழ்நாள் முழுக்கத் தபாலைத் தரம்பிரித்த மனிதருக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. "எரிச்சிடு" என்றார். போகியும் அதுவுமாக அழித்தேன்.

ஒயரைப் பிடுங்கினேன். முதல் காரியமாகக் கோயில் கணக்கையும் பாமினி எழுத்துருவையும் பென் டிரைவில் நகல் எடுத்து, என் லேப்டாப்பில் வைரஸ் சோதனை போட்டு, இன்னொரு பிரதி வைத்தேன். பிறகு லேப்டாப்பில் மொஸில்லாவின் சொந்தக் கிடங்குக்கே போய், எக்ஸ்.பி.க்கென்று வந்த கடைசி ஃபயர்பாக்ஸை எடுத்தேன்: 52.9.0 இ.எஸ்.ஆர்., 2018 ஜூன் மாதச் சரக்கு. விண்டோஸ் 7 வைத்திருந்தவர்களுக்கு அப்போது இவ்வளவு சங்கடமில்லை. குரோம் 109இல் நின்றுபோனாலும், ஃபயர்பாக்ஸ் 115 இ.எஸ்.ஆருக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தவணை நீட்டி நீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு நீட்ட ஆளில்லை.

இறக்கிய கோப்பு வழியில் மாறவில்லை என்று பார்க்க ஒரு கைரேகைக் கணக்கு உண்டு. கிடங்கிலேயே ஒவ்வொரு கோப்புக்கும் 64 இலக்க எண்ணும் எழுத்தும் கலந்த வரி ஒன்று போட்டு வைத்திருப்பார்கள். நம் கம்ப்யூட்டரில் அதே கணக்கைப் போட்டால் அதே வரி வர வேண்டும், ஒரு இலக்கம் பிசகினாலும் கோப்பு வேறு. நான் கண்ணால் ஒப்பிடப் போனேன். "இரு இரு" என்று அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். பதிவுத்தபால் எண்ணை அந்தக் காலத்தில் எப்படிச் சரிபார்த்தாரோ அப்படி, நாலு நாலாகப் பிரித்து உரக்கப் படித்தார். நான் "ஆமாம்" சொல்ல வேண்டும், அவர் பென்சிலால் ஒரு கோடு போடுவார். பதினாறு கோடு. பன்னிரண்டாவதில் நான் கவனமில்லாமல் ஆமாம் போட்டுவிட்டேன் என்று சந்தேகப்பட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். இருபது வருஷத்தில் அந்தக் கம்ப்யூட்டர் சம்பந்தமாக அவர் இவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை.

பென் டிரைவைச் செருகி, செட்டப்பை அமுக்கி, காத்திருந்தோம். அது எழுந்து நிற்க ஒரு தம்ளர் காபி நேரம் ஆனது. பக்கங்கள் திறந்தன, எல்லாம் இல்லை. செய்தித்தாள் வந்தது. தினப்பலன் வந்தது. சான்றிதழ்களைச் சரிபார்க்கும் பட்டியலை ஃபயர்பாக்ஸ் விண்டோஸை நம்பாமல் தன் மடியிலேயே கட்டிக்கொண்டு வருவதால் அந்தத் தொல்லையும் குறைந்தது. 2008இல் பத்திரிகை சி.டி.யில் தபாலில் வந்த பிரௌசர், 2025இல் பஸ்ஸேறி வந்த மகளின் பென் டிரைவில் வந்திருக்கிறது. நடுவில் ஃபைபர் வாசல்வரை வந்து நின்றதுதான் மிச்சம்.

"அப்ப இனிமே கரண்ட் பில் கட்டலாம்" என்றார்.

"கூடாதுப்பா."

"புதுசு போட்டாச்சேம்மா?"

புதுசு இல்லை, இருப்பதில் கடைசி. ஆறரை வருஷமாக அதற்கு ஒரு திருத்தமும் கிடையாது. அடியில் இருக்கும் எக்ஸ்.பி.க்கோ அதற்கும் முன்பே முழுக்கு. செய்தி படிக்கலாம், பஞ்சாங்கம் பார்க்கலாம், படித்து முடித்ததும் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும். பாஸ்வேர்டு, ஓ.டி.பி., பணம், மூன்றும் ஆகாது. எந்தப் பக்கம் எதை இறக்கச் சொன்னாலும் ஆகாது. பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எதிர்வாதம் செய்யாமல் பாமினியைத் திறந்து தட்ட ஆரம்பித்தார். பிரிண்டர் கறக் கறக்கென்று பல்லைக் கடித்துக்கொண்டு துப்பியது: 'பணம் கட்டக் கூடாது. பாஸ்வேர்டு போடக் கூடாது. பச்சை பட்டன் அமுக்கக் கூடாது.' பழைய தாளுக்கு நேர் கீழே ஒட்டினார்.

"மேல இருக்கறதைக் கிழிச்சிடலாம்ப்பா. அது தப்பு. அப்டேட் அமுக்கணும்."

"இதுலே அப்டேட் வராதுன்னு நீதானே இப்ப சொன்னே? வராததை எப்படிம்மா அமுக்கறது? இருக்கட்டும்."

பதில் சொல்லத் தெரியவில்லை. டேப்பைக் கத்தரித்துக் கொடுத்தேன்.

"சரி, கரண்ட் பில்லுக்கு என்ன பண்றது? பதினஞ்சாந் தேதி கடைசி" என்றார் பொதுவாக, மானிட்டரைப் பார்த்து.

அம்மா வாசலில் நாளைக்குப் போடவிருந்த கோலத்துக்குப் புள்ளி எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போன் சார்ஜில் கிடந்தது. ராத்திரி ராத்திரி தானே அப்டேட் ஆகிக்கொள்கிற போன், பேத்தி சொல்லிக் கொடுத்தது. தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"அது போன வாரமே கட்டியாச்சு. ரெண்டு வருஷமா நான்தானே கட்டறேன்."